அறுநூற்று ஐம்பது சொற்களுக்குள்

கேள்வி எப்போதும் இதுதான்:
நீர் பாகுபாட்டை அனுபவித்த
அல்லது நேரில் கண்ட
ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்குக.
அமெரிக்காவில் யாரோ ஒருவர்
நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்.

கோண்டாவிலில் எங்கட கார்க் கராஜுக்குள்
(கார் விற்றாச்சு, எண்ணெய்க் கறை போகேல்லை)
நான் அதற்கு விடை திருத்துகிறேன்.
கட்டுரைக்கு இரண்டாயிரம்.
அவசரமென்றால் மூவாயிரம்.

கபிஷன் சோதனைச் சாவடி எழுதினான்.
அதை எடுத்தபோது அவனுக்கு ஒன்றரை வயது.
"ஞாபகம் இருக்கோ?" என்றேன்.
"அப்பாக்கு இருக்கு ரீச்சர்."
ஓவியா, அம்மப்பாவின் தரப்படுத்தல்:
நாலு புள்ளியில் தவறிய மருத்துவபீடம்.
கொழும்பு பஸ்ஸில் தமிழில் போன் கதைத்ததற்கு
முறைத்துப் பார்த்த ஒருவரை
சாரங்கன் மூன்று பந்திக்கு இழுத்திருந்தான்.
எல்லாம் உண்மை. எல்லாம் நடந்தது.
நான் வினைச்சொற்களை நேராக்கி
ஓரிடத்தில் மழையும் சேர்த்தேன்.

யதுர்சிகா கடைசியாக வந்தாள், தனிய.
அவளின் தாளில் சாவடி இல்லை, ஆமிக்காரன் இல்லை.
முதல் வரி:
என் ஆசிரியையின் வீட்டில் எல்லோருக்கும் தேநீர் கிடைக்கும்.
எழுதியிருந்தது இங்கிலீசில்.
எனக்குத் தமிழில்தான் கேட்டது.

போன ஆவணி, வகுப்பின் முதல் நாள்.
அம்மா கதவடியில் நின்று கேட்டா:
"பிள்ளை எவடம்?"
ஊர் சொன்னாள்.
"ஊருக்குள்ள எவடம்?"
கோயில் சொன்னாள்.
"கோயிலுக்கு அங்காலையோ, இஞ்சாலையோ?"
அதற்கும் சொன்னாள்.
அம்மா சிரித்தா. வடிவாத்தான் சிரித்தா.
பிறகு தட்டில் வந்தது
நாலு கண்ணாடிக் கிளாஸ், ஒரு பிளாஸ்ரிக் கப்.
"பிள்ளைக்குச் சுடும், அதுதான்."

நான் அப்போது
'எனினும்' எங்கே வரும், 'ஆகவே' எங்கே வரும் என்று
விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.
தட்டைக் கண்டேன். பக்கத்தைத் திருப்பினேன்.
அதையும் எழுதியிருக்கிறாள்.
நாற்பத்தொராம் பக்கம் என்று
இலக்கம் போட்டு.

சிவப்புப் பேனை பிடித்த கைக்கு
வேறு வேலை தெரியாது.
'த பிளாஸ்ரிக் கப்' என்றிருந்ததை வட்டமிட்டேன்.
முதல்முறை சொல்லும் பொருளுக்கு 'ஏ',
முன்பே தெரிந்ததற்குத்தான் 'த'.
நான் படிப்பித்த விதி.
"தெரியும் ரீச்சர்," என்றாள்.
"எனக்கு அது முதல் கப் இல்லை."

வட்டத்தை அழிக்க ஏலாது. மை.

"அனுபவித்ததோ, கண்டதோ?
எதற்கு விடை எழுதினனீர்?"
என் குரல் கரும்பலகைக்கு முன்னால் நின்றது.
"அனுபவித்தது நான்.
கண்டது நீங்கள்.
'அல்லது' எண்டு போட்டிருக்கினம்,
எனக்கு ரெண்டும் தேவைப்பட்டது."

தாளின் அடியில் பென்சிலால் சொற்கணக்கு:
அறுநூற்று ஐம்பத்திரண்டு.
இரண்டு கூட.
அவர்களின் பெட்டி ஒரு சொல்லும் மிஞ்ச விடாது.
"எந்த ரெண்டை வெட்டுறது?"
"நீங்கள்தானே ரீச்சர் திருத்துறது."

'என் ஆசிரியை' என்பது
எந்தப் பாஷையிலும் இரண்டு சொல்.
பேனை அதன்மேல் போய் நின்றது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
மின்விசிறி தாளைத் தூக்கிற்று,
அவள் ஒரு விரலால் அமர்த்தினாள்.

உள்ளிருந்து அம்மாவின் குரல்:
"தேத்தண்ணி எத்தனை?"
"ரெண்டு," என்றேன்.
எதில் என்று சொல்லவில்லை.

யதுர்சிகா பையைத் திறந்து
தன்ர தண்ணிப் போத்தலை எடுத்தாள்.
எனக்கும் தனக்கும் நடுவில், மேசையில்,
மூடி திறக்காமல் வைத்தாள்.