பொதுக்காலத்துப் பச்சை

யூலை முதல் ஞாயிறு.
மெலிஞ்சிமுனைக் கோயிலில் முதலாம் மணி அடிக்கிற நேரம்
நான் சாட்டியில் நிற்கிறேன்,
பவுசரின் வாய்க்குள் குழாயைச் செருகிவிட்டு.
ஐயாயிரம் லீற்றர் நிரம்ப முக்கால் மணித்தியாலம்,
பூசைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
இந்தக் கணக்கில் ஒவ்வொரு கிழமையும்
தோற்றுப்போகிறவன் நான்.

சோளகம் பிடித்து அடிக்கிறது.
பனைகளெல்லாம் ஒரு பக்கமாய்த் தலையைச் சாய்த்து
யாரோ கூப்பிட்டதுபோல் நிற்கின்றன.
களப்பு வற்றி உப்புப் பூத்துவிட்டது.
நண்டு நடந்த தடம் சேற்றில் அப்படியே காய்ந்து
முகவரி எழுத மறந்த கடிதம்போல் கிடக்கிறது.
கிணறுகள் எல்லாம் உவர்.
"எங்கட தேத்தண்ணிக்குச் சீனி வீண்" என்பா
எமில்டா அக்கா.

கோயில் வளவில் பவுசரை நிறுத்தினேன்.
யன்னலால் பார்த்தால்
பாதர் பச்சை உடுப்பில் நிற்கிறார்.
பொதுக்காலம்.
பச்சை என்றால் வளர்ச்சி என்று
மறைக்கல்வியில் படித்தது.
நான் வெளியைப் பார்த்தேன்.
கிளுவை வேலி விறகாய் நிற்கிறது.
பூவரசில் ஆடுகளுக்கு எட்டாத இலைகள் நாலைந்து.
இந்த மூன்று மாதமும் ஊரில் பச்சை என்று சொல்ல
அந்தத் துணி ஒன்றுதான்,
அதுவும் தோள்மூட்டில் வெளிறிப்போய்.

ஒலிபெருக்கியில் நற்செய்தி வருகிறது:
சின்னவர் ஒருவருக்குக் கொடுத்த
ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர்கூட
கணக்கில் விடுபடாதாம்.
வரிசையில் முன்னுக்கு நின்ற நிக்சலா
குழாயில் கையை ஏந்திக் குடித்துவிட்டு
"மாமா, சுடுது" என்றாள்.
இரும்புத் தொட்டி, ஆனி வெயில்.
சுடாமல் என்ன செய்யும்?
ஆண்டவரே,
உம்முடைய புத்தகத்தில்
சுடுதண்ணீருக்கு ஒரு வரி இருக்கிறதா?

பிறகு மழைக்காக மன்றாடினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியும்.
நேற்றுத்தான் புன்னாலைக்கட்டுவனில் சிவநேசன்
"வெங்காயம் கிண்டிக் காயப்போட்டிருக்கிறன்,
ரெண்டு கிழமைக்கு மழையைப் பிடிச்சு வைக்கச் சொல்லி
உன்ர மாதாவிட்டக் கேள்" என்றான்.
நானும் கேட்டேன்.
இரண்டு விண்ணப்பமும் ஒரே வானத்துக்குத்தான் போகிறது.
வானம் வாய் திறக்காமல் நீலமாய்க் கிடக்கிறது.
முந்தி அதை மறுப்பு என்று நினைத்தேன்.
இப்போது அப்படித் தோன்றவில்லை.
இருவர் பேசும்போது
இடையில் குறுக்கிடாத ஒருவரின் முகம்
அப்படித்தான் இருக்கும்.

பவுசரின் பின் வால்வில் ஒரு கசிவு.
பிரதேச சபையில் கையெழுத்து வைத்து வாங்கிய வாசர்
மூன்று கிழமையாய் என் சட்டைப்பையில்.
அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்:
நான் வழக்கமாய் நிறுத்துகிற இடத்தில்,
சொட்டு விழுகிற நேர்க்கீழே,
கைலேஞ்சி அளவுக்கு அறுகம்புல்.
அதில் ஒரு தேனீ தலைகீழாய் நின்று குடிக்கிறது.
கொண்டைக்குருவி ஒன்று சற்றுத் தள்ளி
தன் முறைக்குக் காத்திருக்கிறது.
உள்ளே ஒரு பச்சை.
வெளியே, என் கவலையீனத்தால், இன்னொரு பச்சை.
பாதரிடம் சொன்னால்
இதைப் பிரசங்கம் ஆக்கிவிடுவார்.
சொல்லவில்லை.

வாசரை அன்றைக்கே மாற்றினேன்.
சொட்டினது அருளப்பர் வீட்டுக்கு ஒரு கான்;
அதில் பேச்சுக்கு இடமில்லை.
ஆனால் கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது
குருவி என்னைப் பார்த்த பார்வை
நல்லதாய் இல்லை.

கடைசிக் கானும் நிரம்பிய பிறகு
குழாய்க்கு வராமல் தொட்டி அடியில் தங்குகிற
துருத்தண்ணீர் அரை வாளி.
வழமையாய் றோட்டில் திறந்துவிடுவேன்.
இம்முறை வாளியில் பிடித்து
கோயில் சுவரின் நிழலில் வைத்தேன்.
உள்ளே நன்மை கொடுக்கிறார்கள்.
நான் வாசல்படியில் குந்தியிருந்தேன்,
இரண்டு பக்கத்துக்கும் பாதி ஆளாய்.
விரலை விட்டுப் பார்த்தேன். சூடு.
இறுதி ஆசீர் முடிந்து
சனம் செருப்புத் தேடும்போது
இன்னொருமுறை விட்டுப் பார்த்தேன்.

ஆறியிருந்தது.
கொண்டுபோய் மெல்ல ஊற்றினேன்.
தேனீதான் முதலில் வந்தது.