அரைப்பேர்

கொழும்பில் ட்யூன் பண்ணினதாம்.
கொட்டகலை ஏற்றத்தில் கரி கக்கிக்கொண்டு வந்து நின்றது
வெள்ளை எம்.ஆர்.டூ, தொண்ணூற்றிரண்டாம் மொடல்,
இருக்கைக்குப் பின்னால் அதன் அளவுக்கு மீறிய டர்போ.
"கார்ல கோளாறு இல்ல மிஸ்," என்றார் அஸ்வர்,
கம்பளையில் இரும்புக்கடை,
"காத்துலதான் என்னமோ குறைச்சல்."

அறியாமலே சரியாகச் சொன்னார்.
திரையில் பாரமானி எண்பத்தேழு.
கடற்கரையில் நூற்றொன்று.
அங்கே போட்ட கணக்கை இங்கே வாசித்து
இல்லாத காற்றுக்கும் பெற்றோல் அளந்து ஊற்றுகிறது
பந்தி முடிந்தது தெரியாமல்
சோறு வைத்துக்கொண்டே போகிறவன் மாதிரி.

மூன்று வழி உண்டு என்றேன்.
ஒன்று, சின்னப் பெட்டி. உங்களிடம் இருப்பது அதுதான்.
சென்சருக்கும் மூளைக்கும் நடுவில் உட்கார்ந்து
பாதிப் பொய் சொல்லும். மலிவு.
குளிர்ந்த காலையில் தன் பொய்யைத் தானே மறந்து உளறும்.
இரண்டு, பழைய மூளையைத் திறந்து
சிப்பைப் பிடுங்கி வேறு எழுதுவது.
கட்டியவன் வைத்த கதவுகள்தான் திறக்கும்;
இந்த டர்போவை அவன் கனவிலும் கண்டதில்லை.
மூன்று, முழுக்கப் புது மூளை.
வயர் தொடக்கம் எல்லாம் புதிசு. ஆறரை இலட்சம்.
மேலே எவ்வளவு காற்று, கீழே எவ்வளவு என்று
அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் சொல்லிக்கொடுத்தால்.

"கூடக் குதிரை எதுல?"

மேலேயே ஓடுவீர்களா, இறங்குவீர்களா
என்று நான் கேட்டேன்.
கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை,
ஒவ்வொரு வளைவுக்கும் காற்று தடிக்கும்.
இங்குள்ள மெலிந்த காற்றுக்கு மட்டும் எழுதியதை
நம்பி அங்கே காலை அழுத்தினால்
பிஸ்டன் மெழுகு.

மூன்று என்றார். செக் எழுதிய கை நடுங்கவில்லை.

பதினொரு நாள் வயர் இழுத்தேன்.

பதினாறு வரி, பதினாறு நிரல்.
குறுக்கே வேகம், நெடுக்கே பாரம்.
ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்,
பொறி எப்போது பாயவேண்டும் என்று.
இப்படிக் கட்டங்களை நான் முதன்முதல் பார்த்தது
தோட்ட ஆபீசு செக்ரோலில்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
அம்மாவின் வரியில் மழை மாதமெல்லாம் அரை, அரை, அரை.
எழுதியவர் தராசை மட்டும் பார்த்தார்.
மலைக்கு அவர் வந்ததே இல்லை.

ராதெல்லப் பக்கம், இரவு ஒன்றரை,
மடியில் லெப்டொப், கண்ணாடியில் பனி.
எஞ்சின் கட்டையில் முறுக்கிய மைக்கின் வயர்
என் காதுக்குள்.
"கால்," என்றேன். வைத்தார்.
மூன்றாம் கியர். நாலாயிரம்.
நாலாயிரத்து ஐந்நூறு, டர்போ விழித்த இடத்தில்

டிக்.

தகரத்தில் புளியங்கொட்டை விழுந்தது போல ஒன்று.
"எடுங்க!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே மிஸ்."
உங்களுக்குக் கேட்கிற அன்று
அள்ளிக்கொண்டு போகத்தான் ஆள் வரும்.
ஹட்டனில் தொண்ணூற்றைந்து முடிந்து மூன்று நாள்;
தாங்கியில் இருந்தது தொண்ணூற்றிரண்டு.
இதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்றேன்,
கிடைப்பதை ஊற்றுகிற நாட்டில் ஓடுகிற கார்.

"எத்தன குதிரை போகும்?"
"எட்டு."
வைப்பர் நாலு தரம் போய்வந்தது.
"சரி. எழுதுங்க."

அந்தக் கட்டத்திலும் அதன் இரு பக்கத்திலும்
இரண்டிரண்டு பாகை குறைத்தேன்.
அரைப்பேர்தான். போட்டது என் கை.
விரலை எடுக்குமுன்
இன்னொரு தரம் ஓட்டச் சொல்லிக் கேட்டேன்.
பிறகு இன்னொரு தரம்.
அவருக்குச் சலிப்பு, கொட்டாவி விட்டார்.
எனக்கு அந்த மூன்று கட்டத்தையும்
விட்டுவிட்டு வர மனமில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன்.
கித்துல்கலையாம். பின்னால் ஆற்றுச் சத்தம்.
"பாரமானி நூறு காட்டுது மிஸ், புகையே இல்ல."
குரலில் மூச்சிரைப்பு.
காலை எவ்வளவு அழுத்தினீர்கள்
என்று நான் கேட்கவில்லை.