வாடகைப் பெட்டி

ஆள் வந்து சேருமுன்னே
பெட்டி கேட்டு வந்துவிட்டார்கள்.
நம்புராஜனின் தங்கச்சி புருஷன்
சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல்
பிடித்துக்கொண்டே நின்றார்.
"டாக்டர் ஒரு மாசம்ங்கிறாரு.
அட்வான்ஸ் வாங்கிக்கிருவீகளா?"

என்னிடம் இருப்பது ஒரே பெட்டி.
உப்பூரிலிருந்து தேவிபட்டினம் வரை
அதன் கண்ணாடிக்குள் ஒரு ராத்திரி கிடந்து போனவர்கள் அதிகம்.
கரண்டு போனால் ஐஸ் கட்டி.
சாதி கேட்டதில்லை, கடன் கேட்டதில்லை.
என்ன செய்தவர் என்று
கேட்கும்படி யாரும் செத்ததில்லை அதுவரை.

ஐந்நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
நோட்டில் எழுதவில்லை.

கருணை அடிப்படையில் என்று பேப்பரில் போட்டிருந்தது.
அன்றைக்கு ஏலத்தில் காரல் கேட்பாரில்லாமல் காய்ந்தது.
"பதினேழு வருசம் சோறு போட்டாச்சு,
பாலும் நாமதான் ஊத்தணுமா?"
"சாகப்போறவன் மேல என்னப்பா."
சொன்னவர் வலை பொத்துகிறவர்.
மறுநாள் அவரிடம் ஒரு வலையும் வரவில்லை.
ஒரு கட்சி சுவரொட்டி ஒட்டியது,
அதன்மேல் இன்னொரு கட்சி.
பசை காயுமுன் ஆடுகள் இரண்டையும் கிழித்துத் தின்றன.

மருந்துக்கடை சீனி அசன்
ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.
அவர் அக்கா மகளுக்கு
அந்தப் பஸ்ஸில் போனது இடது காது.
"வலிக்கு மருந்து கேட்டு வருவாங்க,
இல்லைன்னு சொல்லவா?"
சரக்கு வந்து மூணு நாளாயிற்று,
அட்டைப்பெட்டி நூல் பிரிக்காமல் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது கச்சான் காற்று.
கண்ணெல்லாம் உப்பு.
கையில் கல் வைத்திருந்த பையன்கள்
குண்டு வெடித்த பிறகு பிறந்தவர்கள்.
கதவு திறந்தது.
வெள்ளைத் துணி,
அதில் ஒரு முழங்கால் மேடு,
ஒரு ரப்பர் குழாய்.
யாரும் எறியவில்லை.
திரும்பிப் போகும் காலி வண்டியின்மேல்தான்
ஒரு கல் விழுந்தது.

நண்டுக் கம்பெனி வாசலில்
பஞ்சவர்ணத்தின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார்கள்.
அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் பெண்டாட்டி.
வெந்த நண்டிலிருந்து சதை பிரிக்கிற வேலை,
எடைக்குத்தான் கூலி.
கையைக் கழுவாமல் கேட்டாள்:
"அவரு இப்ப என்ன எடை இருக்காரு?"
கேட்டவனுக்குப் புரியவில்லை.
பின்னால் நின்ற டிரைவர் சொன்னார்,
"முப்பத்தெட்டு கிலோவாம்."
"எங்க வீட்டுக்காரரைக் குடுத்தப்ப
இருபத்தொண்ணு.
சாக்கோட."
சொல்லிவிட்டு உள்ளே போனாள்.
டிவியில் அதைக் காட்டவில்லை,
நெஞ்சில் அடித்து அழுத வேறு யாரையோ காட்டினார்கள்.

மாதம் முடிந்தது.
இன்னொரு மாதம் பாதி.
ஊருக்கு இப்போது அதுவும் கோபம்.
"இன்னும் இருக்கானா?" என்கிறார்கள்,
அவர் ஏதோ கொடுத்த வாக்கு மீறியதுபோல.
சீனி அசன் தாமே ஒரு நாள்
இருட்டியபின் அந்தத் தெருவுக்குள் போனார்.
கையில் பொட்டலம் இருந்ததா என்று
நான் பார்க்கவில்லை.
பார்த்தேன். சொல்வதாக இல்லை.

தினமும் காலை ஆறரைக்குக்
கம்பெனி வேன் என் ஷெட்டைத் தாண்டும்.
ஜன்னலோரம் பஞ்சவர்ணம்.
அவள் பார்ப்பது என்னையல்ல,
எனக்குப் பின்னால் பெட்டி இருக்கிறதா என்று.

இன்று பெட்டி இல்லை.
வேன் கொஞ்ச தூரம் போய் நின்றது.
இறங்கி நடந்து வந்தாள்,
செருப்பில்லாமல்.
"யாரு?"
"உப்பூர்ல ஒரு வாத்தியாரு. சர்க்கரை."
"ம்" என்றாள்.
காலி இடத்தைப் பார்த்தாள்.
பெட்டியின் நான்கு கால் பதிந்த
துருக்கறை சிமெண்டில் இருந்தது.

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்குறீக?"
சொன்னேன்.
தலையை ஆட்டிக்கொண்டு போய்
வேனில் ஏறிக்கொண்டாள்.
கதவு சரியாகச் சாத்தவில்லை,
இரண்டாம் தரம் இழுத்துச் சாத்தினாள்.