ஐம்பது தலை

குறுமண்வெளித் துறைக்குப் பாதை இன்னும் வரவில்லை.
வெளியூராருக்கு இது விளங்காது:
எங்களிடம் பாதை என்றால் மிதப்பது.
இரும்புத் தட்டு, டீசல் மணம்,
மேலே எட்டு மோட்டார் சைக்கிள், ஒரு பால்காரர்,
மழைக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு மாடு.

என் கையில் கடதாசிப் பெட்டி, பக்கத்துக்கு ஆறு துளை.
உள்ளே ஐம்பது குஞ்சுகள். பிறந்து ஒரு நாள்.
மத்தியமுகாமில் புவிதாவின் கூட்டுக்குள்
நேற்றிலிருந்தே குமிழ் விளக்கு எரிகிறது.
சூடு ஆறுமுன் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.
கார்த்திகை மழைக்கு அதைப்பற்றி என்ன.

"பெட்டிக்கும் காசு," என்றார் தெய்வேந்திரம்.
"குஞ்சுக்குமா?"
"தலைக்குத்தான் கா கணக்கு."
சண்டை பிடித்து
ஐம்பது தலையும் சேர்த்து ஓர் ஆள் என்று முடிந்தது.

நடு வாவியில் இரண்டு கரையும் இல்லாமல் போயின.
எழுவானும் படுவானும் ஒரே சாம்பல்.
விட்டு வந்த அந்தத் துறையில்தான் ஒருநாள்
என் பையிலிருந்த நான்கு பேட்டரிகளை
மேசையில் வரிசையாய் நிறுத்திவைத்தார்கள்.
ரேடியோவுக்கு என்றேன். ரேடியோ எங்கே என்றார்கள்.
வீட்டில் என்றேன். வீடு எங்கே என்றார்கள்.
கையை நீட்டினேன்.
அன்றும் மழை. அக்கரை தெரியவில்லை.

இன்று என் பையில் டோர்ச் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
கேட்காதது கொஞ்ச நேரம் உறுத்தியது.

மண்டூரில் பஸ்.
என் சீற்றுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது.
மருதமுனைச் சாறன் மூட்டையோடு பக்கத்தில் இருந்தவர், ஜவ்பர்,
ஒன்றை உருவிப் பெட்டியின் மேல் விரித்தார்.
நல்ல மனிதர் என்று நினைத்தேன்.
"நனைஞ்சத இனி விக்கேலா," என்றார்.
"எடுங்க கா. குறைச்சித் தாறன்."

வேப்பையடிக்கு முன்னால் வீதி முடிந்து தண்ணீர் தொடங்கியது.
வயலா வாய்க்காலா வீதியா, எல்லாம் ஒரே மட்டம்.
கொண்டக்டர் காற்சட்டையைச் சுருட்டி இறங்கி
காலால் தார் விளிம்பைத் தேடித் தேடி முன்னே நடந்தான்.
அவன் குடைக்குப் பின்னால் பஸ்.
ஓரிடத்தில் ஒரு பலகை நெஞ்சளவு மூழ்கி நின்றது.
"அம்பாறை மாவட்டம் உங்களை" என்பது மட்டும் மேலே.
மிச்சச் சொல் தண்ணீருக்குள்.

பெட்டிக்குள் சத்தம் குறையத் தொடங்கியது.
துளையில் விரலை விட்டேன்.
ஒன்று கொத்தியது. குளிர்ந்த அலகு.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் நிலந்த
"அக்கே, இங்க வைங்க," என்று
பக்கத்து எஞ்சின் மூடியைத் தட்டினான்.
சாறனை நான்காய் மடித்து, அதன்மேல் பெட்டி.
கை வைத்துப் பார்த்தேன்: அடைகாக்கும் கோழியின் வயிறு.

நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் புகைக்குழாய்க்குள் தண்ணீர்.
இரண்டாம் கியரில் அழுத்திக்கொண்டே போனான்.
பால்காரர் காலைத் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டார்.
ஒருவரும் பேசவில்லை.
கொஞ்சம் பொறுத்து, எஞ்சினுக்கு மேலாக,
கீச்.
மறுகா ஒன்று. மறுகா பெட்டி முழுக்க.
பின்சீற்றில் யாரோ சிரித்தார்கள்.
சிரிக்கிற நேரமா என்று இன்னொருவர் ஏசினார்.

மத்தியமுகாமில் இறங்கும்போது பொழுது பட்டுவிட்டது.
புவிதா விளக்கடியில் குந்தி எண்ணினாள்.
"நாற்பத்தொன்பது."
நான் எண்ணினேன். ஐம்பத்தொன்று.
பிடிக்க நீட்டிய கைக்கு முன்னால்
அவை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு
வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமாய் ஓடின.
"ஐம்பது எண்டே வைப்பம்," என்றாள்.

நாளைக்குப் பஸ் ஓடுமா தெரியாது.
என் உடுப்பு கயிற்றில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
மருதமுனைச் சாறனை உடுத்திப் படுத்திருக்கிறேன்.
தறி நெசவு, சாயம் போகவில்லை.
ஆனாலும் விலை அதிகம்தான்.