பத்தொன்பதாம் வரி

குருநகர் சங்கக் கந்தோரில் ஐஸ் வாசம்.
ஹார்ட் டிஸ்க் செத்து மூன்று நாள்.
அதோடு போன சாவி, நல்லகாலம்,
கடதாசியிலும் இருக்கிறது:
எப்போதோ யாரோ பயந்து பிறின்ற் எடுத்து
வலைக்கடன் கோப்புக்குள்
நாலாய் மடித்து வைத்தது.

மேலே ஐந்து கோடு, பிகின் பிறைவேற் கீ, ஐந்து கோடு.
கீழே ஐந்து கோடு, எண்ட் என்று தொடங்கி, திரும்ப ஐந்து.
நடுவில் இருபத்தாறு முழுவரியும் ஒரு குறைவரியும்.
வரிக்கு அறுபத்து நாலு எழுத்து.
ஒரு சொல் இல்லை.

யூட் நிமலன் வாசிக்கிறார், நான் அடிக்கிறேன்.
கப்பிற்றல் எம். கப்பிற்றல் ஐ. கப்பிற்றல் ஐ. கப்பிற்றல் ஈ.
சிம்பிள் வீ.
மீன் ஏலம் விட்ட குரல் அது,
ஒவ்வோர் எழுத்தையும்
அஞ்சு ரூபா ஏற்றியே கீழே வைக்கிறது.

நாலாம் வரியில் நின்றார்.
"லோஜினி, இது ஐயோ எல்லோ?"
ஐயா எல்லா என்றுதான் கேட்டார்.
எனக்கு ஒப்பாரிபோல் விழுந்தது.

எங்கட க எங்கே நின்றாலும் க.
வசனத்தின் தலையிலும் அதே உயரம்.
இருநூற்று நாற்பத்தேழில் ஒன்றுக்கும்
இந்தத் தாளில் இடமில்லை,
ஆயுத எழுத்துக்குக்கூட.

அடித்து முடித்து நூலகத்திடம் கொடுத்தேன்.
(யூட்டுக்கு நூலகம் என்றால் அந்த வெள்ளைக் கட்டடம்.
நான் சொன்னது கொம்பியூட்டருக்குள் இருப்பது.)
வாசிக்க முடியவில்லை என்றது.
எந்த வரி, எத்தனையாம் எழுத்து?
சொல்லாது.
தாளை நீட்டினால் முகம் பாராமல்
"பிழை" என்று திருப்பித் தள்ளுகிற
கச்சேரிக் கிளாக்கரைப்போல.

எண்ணினேன்.
ஒன்பதாம் வரியில் அறுபத்து மூன்று.
இரண்டு டபிள்யூ பக்கத்தில் பக்கத்தில் வந்த இடத்தில்
ஒன்றை விழுங்கியிருந்தேன்.
வைத்தேன். கொடுத்தேன்.
பிழை.

யாகப்பர் கோயில் மணி அடித்து
பிளேன்ரீ ஆறி
இரண்டாம் தரமும் முதலிலிருந்து வாசித்து
பிழை.

பிறகு தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்.
பத்தொன்பதாம் வரியில் மடிப்பு ஓடுகிறது.
ஓரெழுத்தின் மையை அது தின்றிருக்கிறது.
"இதை ஓ எண்டல்லோ வாசிச்சனீங்கள்?"
"ஓ மாதிரிக் கிடந்தது, பிள்ளை."

ஓரெழுத்துத்தானே.
அது அறுபத்து நாலில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.
ஒவ்வொன்றாய் அந்தக் குழியில் வைத்து
நூலகத்திடம் கேட்க ஒரு சின்னச் சுழல் எழுதினேன்.
யூட் கொட்டாவி விடத் தொடங்கினார்.
வாய் மூட முதல்
நாற்பத்து மூன்றாவது பொருந்தியது.
சிம்பிள் கியூ.
வால் உதிர்ந்த கியூ.

நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சேமிப்பு
சதம் பிசகாமல் திரையில் இறங்கியது.
அவர் எழும்பி, கதிரையைத் தள்ளி,
என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தார்.

"இனி இந்தச் சாவியை எறியவேணும்" என்றேன்.

"விசரே? ரெண்டு நாள் வாசிச்சது!"

"உரத்து வாசிச்சம். ஜன்னல் திறந்து கிடந்தது."

வெளியே நாலுபேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.
"அவங்களுக்கு என்ன விளங்கும்?"

"விளங்கத் தேவையில்லை. கேட்டால் போதும்."

தாளை ஐஸ் உருகிய வாளிக்குள் போட்டோம்.
அது நனைந்து, மடிப்பு மடிப்பாய்ப் பிரிந்து,
மை மட்டும் கொஞ்சநேரம் மிதந்தது.

புதுச்சாவி ஒரு கணத்தில் பிறந்தது.
கோப்பில் எழுத முதல் கடவுச்சொல் கேட்டது.
இதை நான் அறியக்கூடாது, நீங்கள் அடியுங்கோ என்று
கடலைப் பார்க்கத் திரும்பி நின்றேன்.

ஒற்றை விரல். ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு.

"லோஜினி, ஒண்டும் விழேல்லையே.
திரை வெறுமையாக் கிடக்குது."

"விழுது.
அடிச்சுக்கொண்டு போங்கோ."