நாற்பத்தெட்டாவது நொடி

வரைபடத்தில் ஏர்வாடிக்குக் கிழக்கே
ஓடக்கரை என்று ஓர் ஊர் இல்லை.
வெளிர்மஞ்சளில் மணல், உடனே நீலம்.
நூற்றுப்பன்னிரண்டு வீடுகளின் மேல்
விரலை வைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடலாம்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறை,
அதுதான் எங்கள் டிரஸ்ட்.
வங்கி கழித்துப்போட்ட மூன்று கணினிகளில்
கட்டற்ற மென்பொருளை ஏற்றினாள்
மதுரையிலிருந்து வந்த ஹெப்சிபா.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம்,
திருத்தியதைத் திருப்பித் தரலாம் என்றாள்.
"கட்டே இல்லாத வலையில
மீன் எப்படி நிக்கும்?" என்றாள் நம்புத்தாய்.
எல்லோரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய சித்திரையில்
காணொளி ஒன்று போட்டிருந்தோம்.
பாசி எடுத்துக் கரையேறும் செய்யதம்மாளின் விரல்கள்.
சுற்றிய துணி, துணியைத் தாண்டி ரத்தம்.
ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.
அழுகிற மஞ்சள் முகங்கள் வரிசைகட்டி வந்தன.
பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியும் வந்தது:
நாற்பது ஜோடிக் கையுறை,
எல்லாம் ஆண் கைக்கு அளவெடுத்தவை.
இரண்டு இப்போது யார் வீட்டிலோ
சட்டி இறக்குகின்றன.

செய்யதம்மாள் கையுறை கேட்கவில்லை.
கேமராவைப் பார்த்து அவள் கேட்டது
"தண்ணி லாரி எப்ப வரும்?"
நாற்பத்தெட்டாவது நொடியில்.
நீளம் கூடுகிறது என்று
அதை வெட்டியவன் நான்.

இந்த முறை முகம் வேண்டாம் என்றோம்.
போனில் மூன்றே பொத்தான்கள்:
வந்தது. வரவில்லை. உவர்ப்பு.
ஆறு மணி நேரம் கடலில் ஊறிய விரலைத்
திரை ஏற்றுக்கொள்வதில்லை.
ராக்கு மூக்கால் அழுத்தினாள்.
எழுபத்துமூன்று நாள்
ஒரு நாளும் விடாமல் மூக்கால்.

ஓடக்கரையை நாங்களே வரைபடத்தில் ஏற்றினோம்.
முப்பத்தொரு குழாய், நான்கில் தண்ணீர்,
மற்றதெல்லாம் சிவப்புப் புள்ளி.
திங்கட்கிழமை மனுநாளில்
தன் கணினியில் அதைத் திறந்த அதிகாரி
"ஊர் இதுலயே இருக்கே" என்றார்,
இதுவரை நாங்கள் எங்கிருந்தோம் என்பதுபோல.
லாரி இப்போது செவ்வாயும் வெள்ளியும் வருகிறது.
சில வெள்ளி வருவதில்லை.

அந்தச் சூட்டோடு
கடலுக்குள்ளும் பெயர் போடலாம் என்றாள் ஹெப்சிபா.
பெண்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை.
இரட்டைக்குழி, மாமியா பார்,
ராக்குவின் அத்தை கால் கிழிபட்ட
வெட்டுக்கல், இன்னும் நான்கு.
மரிக்கொழுந்துப் பாசி எங்கே தடித்துக் கிடக்கும்,
வாடைக்காற்றில் எங்கே முங்கக்கூடாது,
சொல்லச்சொல்லத் தட்டினேன்.

"இதை யாரு யாரு பாக்கலாம்?"
வாசலில் நின்றபடி நம்புத்தாய்.
"எல்லாரும்."
"ரோந்துப் போட்டுக்காரன்?"
மின்விசிறி கறகறத்தது.
"இழுவைமடிக்காரன்?"
அறிவைப் பூட்டிவைப்பது பாவம் என்று
கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற ஹெப்சிபா
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குழாய் ஊருக்கே தெரியட்டும்.
பாரு எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நிச்சயமாக அழிப்பதா என்று
ஒவ்வொரு பெயருக்கும் கேட்டது கணினி.
ஏழு முறை ஆம் என்றேன்.
இந்த முறை வெட்டச் சொன்னது
அவர்கள்.

எங்கோ தொலைதேசத்தில்
நாங்கள் பார்த்தேயிராத ஒருவர்
ஓடக்கரையை "ஓடைக்கரை" என்று திருத்தியிருந்தார்.
மறுபடி மாற்றினோம்.
அவரும் மாற்றினார்.
இங்கே ஓடை இல்லை, ஓடம்தான் என்று
அவருக்கு எழுதிப்போட்டிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.

ஊருக்குத் தெற்கே நீலம்
ஓர் எழுத்தும் இல்லாமல் கிடக்கிறது.
பார்ப்பவர்கள் வெறும் கடல் என்று நினைப்பார்கள்.

இன்று வெள்ளி.
மணி ஏழு.
ஈரம் சொட்டச்சொட்ட நிற்கிறாள் ராக்கு,
போனை முகத்தருகே
கொண்டுபோகிறாள்.