மழித்த இடங்கள்

திங்கள் மாலை வந்தது.
பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
இன்று வியாழன்.
இன்னும் என் தாடை
எதையோ கடித்துக்கொண்டே இருக்கிறது.

ரொட்டியின் மேலோட்டை ஒதுக்கிவிட்டு
நடுவை மட்டும் பாலில் நனைத்துத் தின்கிறேன்,
நாற்பத்தாறு வயதில்.
நிவெஸ் பார்க்காததுபோல் பார்க்கிறாள்.

திரியெஸ்தே துறைமுகத்தில்
ஏழாம் எண் கிரேன் என்னுடையது.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை.
பத்தொன்பது ஆண்டுகளாக என் பாதங்களுக்குக் கீழே
கப்பல்கள் வந்து போகின்றன.
அங்கே வரவில்லை அது.
காய்கறிக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண்மணி,
என் கையில் இரண்டு எலுமிச்சை.
அப்போது வந்தது.

ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாக
மார்பு முடியை அங்கங்கே மழித்தார்கள்.
பசை வட்டங்களை ஒட்டினார்கள்.
காகிதத்தில் என் இதயம்
முதல் வரிசைப் பையனின் கையெழுத்துபோல
அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடியது.
மருத்துவர் தோளைத் தட்டிச் சொன்னார்:
ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பது எவ்வளவு எடை என்று
கிரேன் ஓட்டுகிறவனைக் கேட்க வேண்டும்.
சரக்கு நிறைந்த கண்டெய்னர்
தேமேயென்று தொங்கும்.
காலியானதைத்தான் காற்று பிடிக்கும்.
அதுதான் ஆடும், சுழலும்,
கீழே நிற்பவர்களை ஓட வைக்கும்.

செவ்வாய் முழுக்கத் தூங்கினேன்,
தூக்கம் என்று அதைச் சொல்லலாமென்றால்.
புதனன்று விலாவின் இடுக்குகளில்
ஒரு மாதம் இருமியவனின் வலி.
படி இறங்கும்போது
இடது தொடை மட்டும்
என்னைக் கேட்காமல் நடுங்கியது,
ரயில் போன பின்னும் அதிரும்
அலமாரிக் கோப்பைபோல.
விரல் நுனிகளில் எறும்பு.
அப்புறம் இந்தக் கொட்டாவி.
எவ்வளவு திறந்தாலும்
நெஞ்சின் அடித்தட்டுக்குக் காற்று
போய்ச் சேருவதேயில்லை.

மேஸ்திரி திராகோ போனில் கேட்டான்.
வயிற்றுப்போக்கு என்றேன்.
அதற்கு அவனிடம் மருந்தே இருந்தது,
அவன் அத்தை காய்ச்சும் புளூபெர்ரிச் சாராயம்.
நன்றி சொன்னேன்.

போரா வீசும் நாட்களில்
எங்கள் ஊரில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆளைத் தூக்கிப் போகாமலிருக்க.
சிறுவனாக இருந்தபோது ஒருமுறை
கால்வாய் ஓரத்தில் ஒருவரைப் பார்த்தேன்.
காற்று நின்று கால் மணி நேரமாகிவிட்டது.
புறாக்கள்கூடத் தரைக்கு வந்துவிட்டன.
அவர் மட்டும் இரண்டு கையாலும்
கயிற்றைப் பிடித்தபடி.
நாங்கள் சிரித்தோம்.
அவரும் சிரித்தார்.
"தெரியும் தம்பிகளா, நின்றுவிட்டது,
கைக்கு இன்னும் சொல்லவில்லை."

என் கைக்கும் யாரும் சொல்லவில்லை.
அது கழுத்தோரம் போய்
நாடியை எண்ணிக்கொண்டிருக்கிறது.
எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது.
எண்ணுவதால் எண்பத்து நான்கு.
நிவெஸ் அந்தக் கையை எடுத்து
பட்டாணிக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.
"உரி," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.
உரித்தேன்.
சில பச்சை மணிகள் தரையில் ஓடின,
ஓடட்டும் என்று இருந்தோம்.

பாதிக் கிண்ணத்தில்
மறுபடி கொட்டாவி விட்டேன்.
உடனே அவளும் விட்டாள்,
வாய் பெரிதாய், கண்ணில் நீர் வர,
ஒரு பயமுமில்லாமல்.
இந்த மூன்று நாளில்
என்னிடமிருந்து அவளுக்கு ஒட்டியது
இது ஒன்றுதான்.

இப்போது அரிக்கிறது.
மழித்த இடங்களில் முடி முளைக்கிறது,
சட்டைத் துணியைக் குத்திக்கொண்டு.
இது நல்லதா என்று தெரியவில்லை.
சொறிந்துகொள்ள இதமாக இருக்கிறது.

சாவியைத் தேடிக் கோட்டுப் பையில் கைவிட்டேன்.
இரண்டு எலுமிச்சைகள்.
ஒன்றின் தோல் லேசாகச் சுருங்கியிருக்கிறது.
காசு கொடுக்கவில்லை.

நாளை போய்க் கொடுக்க வேண்டும்,
வரிசை இருந்தால்
வரிசையில் நின்று.